கடைசி வரியில் எழுதிய விஷயம்தான் முதலில்

கேள்வி:

அன்பின் டொக்டர், நாங்கள் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. இளவயதிலிருந்தே வெற்றிலையும் பொயிலையும் போடுகிறவர். போன வருடம் அடிநாக்கில் புற்றுநோய் என்று சொல்லி, தெல்லிப்பழையில் கதிர்ச் சிகிச்சையும் கெமோவும் நடந்தது. விழுங்க ஏலாமல் போய்விடும் என்று சிகிச்சை தொடங்க முதலே வயிற்றில் குழாய் போட்டுவிட்டார்கள். இப்போது ஏழு மாதம். உடம்பு தேறி 6 கிலோ கூடியிருக்கிறார். ஆனால் ஒரு மாதமாகக் குழாய் ஓட்டையைச் சுற்றிச் சிவப்பாகச் சதை வளர்ந்திருக்கிறது. தொட்டால் இரத்தம் வருகிறது. கனடாவில் இருக்கிற மச்சாள் இன்ரர்நெற்றில் பார்த்துவிட்டு, வாயில் இருக்கிற புற்றுநோய் குழாயோடு வயிற்றுக்கு வந்துவிடுமாம், உடனே கழற்றச் சொல்லு என்கிறா. அன்று முதல் எனக்கு நித்திரை இல்லை. 2009 யுத்தத்தில் அப்பாவுக்குச் செல் துண்டு பட்டு வயிறு வெட்டி ஒப்பரேசன் செய்தது. அதாலும் ஏதும் வருமா? வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகவேணும் என்று வேறு அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். மற்றது, கஞ்சி இப்போது தானாக இறங்குவதில்லை, சிறிஞ்சால் தள்ளித்தான் விடுகிறோம். குழாய் முந்தி மாதிரிச் சுழலுவதில்லை. பக்கத்தால் கசிகிறது என்று அம்மா வெளிவட்டத்தை இறுக்கிப் பிளாஸ்டர் ஒட்டிவிடுகிறா. அடுத்த கிளினிக் மூன்று கிழமையில். அதுவரை பொறுக்கலாமா?

பதில்:

அன்பின் தங்கச்சி,

உங்கள் கடிதம் கிடைத்த இரவே தொலைபேசியில் சொன்னதைத்தான் இங்கே முதலில் திரும்ப எழுதுகிறேன். நீங்கள் இதை வாசிக்கிறபோது அப்பா வாட்டில் இருப்பார். ஆனால் இதே நிலையில் வன்னியில் இன்னொரு வீடு இருக்கக்கூடும், அவர்களும் வாசிக்கட்டும்.

மூன்று கிழமை பொறுக்கக் கூடாது. கஞ்சி தானாக இறங்காமல், குழாய் சுழலாமல், பக்கத்தால் கசிந்து, நோவும் வந்தால் குழாயால் விடுவதை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். தண்ணீரும் வேண்டாம், மாத்திரை கரைத்து விடுவதும் வேண்டாம். இறுக்கி ஒட்டிய பிளாஸ்டரைக் கழற்றி, வெளிவட்டம் இலகுவாக நகர்ந்தால் கொஞ்சம் பின்னுக்குத் தளர்த்திவிடுங்கள். குழாயை இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். அடுத்த நாள் விடிய முதல் வேலை வைத்தியசாலை. காய்ச்சல் இருந்தால், வயிறு இறுகிப் பலகை மாதிரி ஆனால், அல்லது ஓட்டையைச் சுற்றித் தோல் சிவந்து பரவிக்கொண்டு போனால் விடியும்வரையும் இருக்காதீர்கள். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். சீனி வருத்தத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர் என்றால் சாப்பாட்டை நிறுத்தியதும் சீனி விழுந்துவிடலாம், அவரையும் இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள்.

உங்கள் கடிதத்தில் மச்சாள் சொன்ன புற்றுநோய்ப் பயம் ஒரு பக்கம் நிறைய இருந்தது. குழாய் சுழலவில்லை என்பது "மற்றது" என்று தொடங்கிக் கடைசியில் வந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது அந்தக் கடைசி வரிகளில்தான். ஏன் என்று சொல்கிறேன்.

வயிற்றுக் குழாயின் உள்முனையில் காளான் குடை மாதிரி ஒரு வட்டம் இருக்கும். அது இரைப்பையின் உள்பக்கம் நின்று குழாய் வெளியே வராமல் பிடிக்கும். வெளியே தோலின் மேல் இன்னொரு வட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் இரைப்பைச் சுவர், கொழுப்பு, தசை, தோல் எல்லாம் இருக்கின்றன. வெளிவட்டத்தை இறுக்கினால் உள்வட்டம் இரைப்பைச் சுவரை அமத்தும். அமத்துகிற இடத்துக்கு இரத்தம் போகாது, புண் வரும், அந்தப் புண்ணுக்குள் வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் புதையும். பிறகு இரைப்பையின் தோல் அதன்மேல் வளர்ந்து மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் அதே இடத்தில்தான் நிற்கும். உள்ளே அதன் வாய் அடைபட்டிருக்கும். நீங்கள் சிறிஞ்சால் தள்ளுகிற கஞ்சி இரைப்பைக்குள் போகாமல் சுவருக்குள் போகும், அல்லது பக்கத்தால் திரும்பி வரும். அழுத்தித் தள்ளினால் வயிற்றறைக்குள்ளேயே சிந்தலாம். அப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து. புதைந்த வட்டம் என்று இதைச் சொல்லலாம். குழாய் போட்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு வருகிறது, பெரும்பாலும் மாதக்கணக்கில் கழித்துத்தான்.

அப்பா 6 கிலோ கூடியதும் இதில் சேர்த்தி. அது சந்தோசமான செய்திதான், குழாய் போட்டதே அதற்காகத்தான். ஆனால் உடம்பு வைக்கும்போது வயிற்றுத் தோலுக்குக் கீழே கொழுப்பும் தடிக்கும். ஏழு மாதத்துக்கு முன் மெலிந்திருந்த வயிற்றுக்கு அளவாக வைத்த வட்டம் இப்போது தானாகவே இறுக்கமாகிவிடும். அதற்கு மேல் பிளாஸ்டரும் போட்டால் நிலைமை என்ன என்று யோசியுங்கள்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். கசிகிற இடத்தை இறுக்கிக் கட்டுவது எந்த மனிசருக்கும் முதலில் தோன்றுகிற வேலை. தண்ணீர்க் குழாய் கசிந்தாலும் அதைத்தானே செய்கிறோம். இறுக்கக் கூடாது என்று யாராவது அவவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வாட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அவசரத்தில் அது விடுபட்டுப் போகிறது. அது எங்கள் பக்கத்துப் பிழை. வீட்டில் யாரும் அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம்.

அப்படி ஒரு வசனத்தை நானும் ஒருவருக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில், தொண்டைப் புற்றுநோய்க்காரர் ஒருவருக்குக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். பதினோராம் நாள் ஓட்டோவில் ஏறும்போது குழாய் எதிலோ கொழுவுப்பட்டுக் கழன்றுவிட்டது. மருமகன் நல்ல பொறுப்பான பெடியன். குழாயைக் கொதித்தாறிய நீரில் கழுவி, ஓட்டைக்குள் திரும்பச் செலுத்தி, அன்றிரவு கஞ்சித் தண்ணியும் விட்டிருக்கிறான். அடுத்த நாள் பின்னேரம் கொண்டுவந்தபோது வயிறு மரம் மாதிரி இறுகியிருந்தது. இரவிரவாக ஒப்பரேசன் செய்து ஆளைக் காப்பாற்றினார்கள். ஆனால் கெமோ ஒரு மாதத்துக்கு மேல் பிந்திப்போனது. "முதல் மாதத்தில் குழாய் கழன்றால் திரும்பப் போடாதே, துணியால் மூடிக்கொண்டு ஓடி வா" என்ற ஒரு வசனம் அந்தப் பெடியனுக்குத் தெரிந்திருந்தால் இது நடந்திராது. அன்றிலிருந்து துண்டு வெட்ட முதல் அந்த வசனத்தை வீட்டுக்காரரைத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

காரணம் இதுதான். இரைப்பையும் வயிற்றுச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாய்க்கு ஒரு நிரந்தரப் பாதை உண்டாக இரண்டு முதல் நாலு கிழமை செல்லும். புற்றுநோய்க்காரருக்கு இன்னும் கூடவும் எடுக்கலாம். உடம்பு மெலிந்திருக்கும், கெமோ புண்ணை ஆறவிடாது, ஸ்டீரொயிட் மருந்தும் ஆறவிடாது. பாதை ஒட்ட முதல் குழாய் கழன்றால் இரைப்பை உள்ளே விலகிவிடும். திரும்பத் தள்ளுகிற குழாய் இரைப்பைக்குள் போகாமல் வயிற்றறைக்குள் போய் நிற்கும். பாதை நன்றாக ஒட்டிய பிறகு, உங்கள் அப்பாவுக்கு மாதிரி மாதக்கணக்கான பிறகு கழன்றால் பிரச்சினை வேறு. ஓட்டை சில மணித்தியாலத்திலேயே சுருங்கி மூடத் தொடங்கிவிடும். ஆகவே அப்போதும் ஓடித்தான் வரவேண்டும், ஆனால் பாதையைக் காப்பாற்றுவதற்காக. கழன்ற குழாயை எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். அதன் அளவும் முனையும் பார்த்தால் எங்களுக்கு வேலை சுலபம்.

சரி, இனி மச்சாள் சொன்னதற்கு வருவோம்.

அவ சொன்னது பொய் இல்லை. நடக்கிறது, ஆனால் மிக அரிதாக. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறேன்.

வயிறு வெட்டாமல் கமெராக் குழாய் வழியாக இதைப் போடும் முறையை அமெரிக்காவில் கவுடரர், பொன்ஸ்கி என்ற இரண்டு வைத்தியர்கள் 1980 இல் எழுதி வெளியிட்டார்கள். முதன்முதலில் செய்தது ஒரு கைக்குழந்தைக்கு. இன்றைக்கும் பெரும்பாலும் அதே முறைதான். கமெராவை வாயால் இரைப்பைக்குள் இறக்கி, காற்றடித்து இரைப்பையை ஊதவைத்து, வயிற்றுத் தோலின் மேலிருந்து ஊசி குத்தி, ஊசியின் வழியாக ஒரு நூலை உள்ளே விடுவார்கள். கமெரா அந்த நூலைக் கவ்வி வாய்க்கு வெளியே கொண்டுவரும். நூலின் முனையில் குழாயைக் கட்டி வயிற்றுப் பக்கமிருந்து இழுத்தால், குழாய் வாய்க்குள்ளால், தொண்டைக்குள்ளால், உணவுக்குழாய்க்குள்ளால் இறங்கி, வயிற்றுத் தோலால் வெளியே வரும். அந்தக் காளான் குடை கடைசியாக வாய்க்குள் நுழைந்து அதே வழியால் உரசிக்கொண்டு போகிறது. அடிநாக்கிலோ தொண்டையிலோ கட்டி இருந்தால் அதில் பட்டுப் போகும். அந்த உரசலில் சில புற்றுக் கலங்கள் ஒட்டிப்போய் ஓட்டையில் தங்கி வளர்வதுதான் மச்சாள் வாசித்த விஷயம். இரத்தத்தின் வழியாக வந்து புதிய புண்ணில் தங்குவதும் உண்டு என்று சொல்கிறார்கள். அறிக்கையான நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காரர், வாய்வழியாக இழுத்துப் போட்டவர்கள். அதனால்தான் கட்டி பெரிதாக இருந்தால் சில இடங்களில் வாயைத் தொடாமல் நேரே வயிற்றுத் தோலால் குழாயைச் செலுத்தும் முறையைத் தெரிவு செய்கிறார்கள்.

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அப்பாவுக்குச் சிகிச்சை தொடங்க முதல், அடிநாக்கில் கட்டி இருக்கும்போதே குழாய் போட்டிருக்கிறார்கள். இந்தச் சிக்கல் வருகிறவர்களுக்குச் சராசரியாக ஏழெட்டு மாதத்தில்தான் தெரியவருகிறது. ஆகவே ஒன்றும் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் ஓட்டையைச் சுற்றிச் சிவந்த சதை வளர்வது மிகச் சாதாரணமான விஷயம். காயம் ஆறுகிற சதை அளவுக்கு மீறி வளர்ந்துவிடும். ஈரமாக, மினுமினுப்பாக, மிருதுவாக இருக்கும், துணி பட்டாலே இரத்தம் கசியும். சில்வர் நைத்திரேற்றுக் குச்சியால் தொட்டால் சுருங்கிவிடும், சிலருக்கு களிம்பு போட்டாலே போதும். உங்கள் வர்ணனை இதற்குத்தான் கூடப் பொருந்துகிறது. குழாய் புதைந்து கசிந்துகொண்டே இருந்தாலும் இந்தச் சதை வளரும். புற்று என்றால் பெரும்பாலும் கல்லு மாதிரிக் கெட்டியாக இருக்கும், ஒரு பக்கமாகத் தடித்துப் பூக்கோவா மாதிரி மேலே எழும், மருந்து போட்டாலும் கிழமைக்குக் கிழமை பெருக்கும், நாற்றமும் வரலாம்.

கண்ணால் பார்த்து யாரும் சத்தியம் செய்ய முடியாது, நானும்தான். ஆகவே வாட்டில் டொக்டரிடம் கேளுங்கள்: "அந்தச் சதையில் ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவீர்களா?" கேட்பது பிழையில்லை, யாரும் கோபிக்க மாட்டார்கள். கமெரா விட்டுப் பார்க்கிற அன்றே உள்பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். அது புற்று என்று வந்தால் பாரதூரமான செய்திதான், மற்ற இடங்களிலும் பரவியிருக்கிறதா என்று தேட வேண்டிவரும். அந்த இடத்தை வெட்டி எடுப்பது, கதிர்ச் சிகிச்சை கொடுப்பது என்று வழிகள் உண்டு. எதைச் செய்வது என்று தெல்லிப்பழையில் அவரைப் பார்க்கிற புற்றுநோய் வைத்திய நிபுணர் தீர்மானிப்பார். ஆனால் துண்டின் முடிவு வர முதல் அந்தப் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

பயத்தில் குழாயைக் கழற்றிவிடுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. கலம் ஒட்டியிருந்தால் குழாய் போட்ட அன்றே ஒட்டியிருக்கும், இன்று கழற்றி அதைத் திருப்பி எடுக்க ஏலாது. கழற்றினால் மிஞ்சுவது பட்டினி. 6 கிலோவும் ஒரு மாதத்தில் இறங்கிவிடும். மச்சாளுக்கு இதை ஆறுதலாகச் சொல்லுங்கள். தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லாதபோது பயம்தான் பெருகும். அவ இவ்வளவு தேடி வாசித்ததும் அன்பால்தான்.

செல் துண்டு பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது மிக நல்லது. வன்னியில் வயிற்றில் நீளத் தழும்போடு எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள். வாட்டில் சேட்டைக் கழற்றச் சொன்னால் தழும்பு தெரியும். ஆனால் எந்த வருடம், எங்கே ஒப்பரேசன் செய்தது, குடல் வெட்டித் தைத்ததா என்று கேட்டால் பாதிப் பேரிடம் காகிதம் இல்லை. இடப்பெயர்வில் காகிதம் எங்கே மிஞ்சியது? ஆகவே வாயால்தான் சொல்ல வேண்டும்.

முன்பு வயிறு வெட்டியவர்களுக்கு உள்ளே குடல்கள் ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெருங்குடலின் குறுக்குப் பகுதி இரைப்பைக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. ஒட்டல்களால் அது மேலே இழுபட்டு, இரைப்பைக்கும் தோலுக்கும் நடுவில் வந்து நிற்கலாம். அப்போது ஊசி பெருங்குடலைத் துளைத்துக்கொண்டு இரைப்பைக்குள் போய்விடும். இதைத் தவிர்க்கத்தான் குழாய் போடும்போது அறை விளக்கைத் தணித்து, உள்ளே இருக்கிற கமெராவின் வெளிச்சம் வயிற்றுத் தோலுக்கு மேலே தெரிகிறதா என்று பார்ப்போம். விரலால் அமத்தினால் உள்ளே இரைப்பைச் சுவர் குழிவது கமெராவில் தெரிய வேண்டும். இரண்டும் சரிவராவிட்டால் அந்த இடத்தில் குத்த மாட்டோம்.

இந்தச் சிக்கலின் பொல்லாத்தனம் என்னவென்றால், மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருக்கும். குழாய் பெருங்குடலுக்குள்ளால் போனாலும் முனை இரைப்பைக்குள் இருக்கிறபடியால் கஞ்சி சரியாகத்தான் போகும். குழாயை மாற்றுகிற அன்றுதான் பிடிபடும். பழையதை எடுத்துப் புதியதைச் செலுத்தும்போது அதன் முனை இரைப்பைவரை போகாமல் பெருங்குடலில் நின்றுவிடும். பிறகு கஞ்சி விட்டுக் கொஞ்ச நேரத்திலேயே, விட்ட கஞ்சி விட்டபடியே வயிற்றோட்டமாகப் போகும். குழாயால் மலநாற்றம் வரும். ஆள் மெலிந்துகொண்டே போவார். அப்பாவுக்கு இதுவரை வயிற்றோட்டம் இல்லை, நிறையும் கூடியிருக்கிறது, ஆகவே இப்போதைக்கு இது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் குழாயை மாற்ற வேண்டிவரும் போலத் தெரிகிறது. மாற்ற முதல் டொக்டரிடமும் நேர்ஸிடமும், இருவரிடமும், 2009 ஒப்பரேசனைப் பற்றிச் சொல்லுங்கள். புதிய குழாயின் முனை இரைப்பைக்குள்தான் நிற்கிறது என்று கமெராவாலோ, மருந்து விட்டு எடுக்கிற எக்ஸ்ரேயாலோ உறுதி செய்த பிறகு முதல் கஞ்சி போகட்டும். உடம்புக்குள் செல் துண்டு இன்னும் கிடந்தால் அதையும் சொல்லுங்கள். எம்ஆர்ஐ ஸ்கான் எடுக்க நேர்ந்தால் அந்தக் காந்தத்துக்கு முன்னால் இரும்புத் துண்டு விளையாட்டுக் காரியம் இல்லை. சாதாரண எக்ஸ்ரேயும் சிரி ஸ்கானும் பரவாயில்லை.

வாட்டில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், எதிர்பாராமல் பயப்படாதீர்கள். முதலில் மாஞ்சோலையில், முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையில், சேலைன் ஏற்றி இரத்தம் பார்ப்பார்கள். பிறகு கமெரா வசதியுள்ள இடத்துக்கு, பெரும்பாலும் குழாய் போட்ட இடத்துக்கே, அம்புலன்ஸில் அனுப்புவார்கள். கமெராவில் உள்வட்டம் பாதி தெரிகிறதா, முழுதாக மூடுண்டு ஒரு மேடு மட்டும் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், தேவையானால் ஸ்கானும் எடுப்பார்கள். மிருதுவான வட்டமுள்ள குழாய் என்றால் சிலவேளை வெளியிலிருந்தே எடுத்துவிடலாம். ஆழமாகப் புதைந்திருந்தால் மேலே மூடிய தோலைக் கமெரா வழியாக வெட்டி விடுவிக்க வேண்டும். வயிறு வெட்டி எடுப்பது கடைசி வழி. இடைப்பட்ட நாட்களில் மூக்கால் மெல்லிய குழாய் போட்டு உணவு கொடுக்கலாம். அதையும் போட்டவுடன் விடக் கூடாது, முனை இரைப்பையில்தான் இருக்கிறதா என்று உறிஞ்சிய நீரின் அமிலத்தைத் தாளில் சோதித்தோ எக்ஸ்ரே எடுத்தோ பார்க்க வேண்டும். காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்டால் போதும் என்ற பழைய வழக்கம் நம்பத்தகுந்தது இல்லை. மூச்சுக்குழாய்க்குள் போன குழாயிலும் சத்தம் கேட்கும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மிக அரிது, ஆனால் மணித்தியாலக் கணக்கில் ஆளைக் கொண்டுபோகக் கூடியது. ஓட்டையில் தொடங்கிய கிருமி தோலுக்குக் கீழே தசையின் மேலுறையோடு பரவி அழுகவைப்பது. கெமோ எடுக்கிறவர்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் ஆபத்து கூட. பார்க்கிற புண்ணுக்குப் பொருந்தாத அளவு நோ, வேகமாகப் பரவுகிற சிவப்பு, பிறகு ஊதா, கறுப்பு, அமத்தினால் தோலுக்குக் கீழே நறுநறு என்ற உணர்வு. அப்படி ஒன்றைக் கண்டால் கைவைத்தியம் எதுவும் வேண்டாம், மஞ்சள் பூச வேண்டாம், நேரே வைத்தியசாலை. கெமோ நடக்கிற நாட்களில் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினாலே, குழாயில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே காட்ட வேண்டும்.

புதிய குழாயோடு வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவும் நீங்களும் செய்ய வேண்டியதைப் பொறுமையாகச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கஞ்சி விடும்போது கடும் நோ, பக்கத்தால் கசிவு, புது இரத்தம் என்று எது வந்தாலும் விடுவதை நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள். குழாயில் சென்ரிமீற்றர் இலக்கங்கள் அச்சடித்திருக்கும். தோலோடு நிற்கிற இலக்கம் எது என்று நேர்ஸோடு சேர்ந்து பார்த்து, கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். நாள்தோறும் காலையில் அந்த இலக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான குழாய்களில் இலக்கம் குறைந்துகொண்டு வந்தால் உள்வட்டம் சுவருக்குள் ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கூடிக்கொண்டு போனால் ஒன்றில் வயிறு தடிக்கிறது, இல்லாவிட்டால் குழாய் உள்ளே நழுவுகிறது. உள்ளே நழுவினால் இரைப்பையின் வாயிலை அடைத்து வாந்தி வரும். ஆகவே வெளிவட்டம் தொளதொளவென்றும் இருக்கக் கூடாது. வட்டத்துக்கும் தோலுக்கும் இடையில் சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி இருந்தால் அளவு சரி.

புண் ஆறியதும், வாட்டில் சொல்லிவிடுகிற நாளிலிருந்து, கையை நன்றாகக் கழுவி வெளிவட்டத்தைத் தளர்த்துங்கள். குழாயை இரண்டு விரலளவு மெதுவாக உள்ளே தள்ளி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தட்டுப்படும்வரை திரும்ப வெளியே இழுத்து, அதே இலக்கத்தில் வட்டத்தைக் கொண்டுவந்து விடுங்கள். சுற்றுவது நாள்தோறும், தள்ளுவது கிழமைக்கு ஒருமுறையாவது. சுற்றினால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். புதைகிற வட்டமும் தொடக்கத்தில் சுழலும். தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். குடல்வரை நீட்டிய குழாய் என்றால் மட்டும் சுற்றக் கூடாது. அப்பாவுக்குப் போடுவது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடைப்பும் புதைவும் வேறு வேறு. கஞ்சி போகவில்லை, ஆனால் குழாய் இலகுவாகச் சுழல்கிறது, உள்ளே தள்ளுப்படுகிறது என்றால் பெரும்பாலும் அடைப்புத்தான். இளஞ்சூட்டு நீரைச் சிறிஞ்சில் எடுத்து மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஈர்க்கால் குத்தாதீர்கள், கம்பியும் வேண்டாம். கஞ்சியை வடித்து விடுங்கள், திரிபோசா மா கரைத்தால் கட்டியில்லாமல் கரையுங்கள், ஒவ்வொரு முறையும் கஞ்சிக்கு முன்னும் பின்னும் 30 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீர். வன்னி வெயிலில் கஞ்சி சீக்கிரம் பழுதாகும், நாலு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருந்ததை விடாதீர்கள். விடும்போதும் விட்டு ஒரு மணித்தியாலமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். சாய்மனைக் கதிரை அதற்கு நல்ல வசதி. வாயால் சாப்பிடாவிட்டாலும் வாயை நாளுக்கு இரண்டு தரம் துப்புரவாக்குங்கள். வெற்றிலைத் தட்டத்தை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். பொயிலை இல்லாமல் பாக்கு மட்டும் போட்டாலும் புற்றுநோய் வரும். இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாயில்தான்.

இனி வற்றாப்பளை. வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஓட்டை ஆறி, புதிய குழாய் ஒழுங்காக வேலை செய்தால் அப்பா தாராளமாகப் போகலாம். குழாயை வயிற்றோடு சேர்த்து மிருதுவான துணிப்பட்டியால் மறைத்து, அதற்கு மேல் வேட்டி கட்டட்டும். சனநெரிசலில் யாருடைய கையும் கொழுவாது. புறப்பட முதல் கஞ்சி விட்டு, வாய்ப்பக்கத்து மூடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். சிறிஞ்சும் ஆறின தண்ணீரும் கிளினிக் கொப்பியும் ஒரு பையில் உங்களோடு இருக்கட்டும்.

பொங்கலை ருசிக்க அவர் ஆசைப்படுவார். விழுங்கும்போது மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பேச்சுச் சிகிச்சையாளர் ஒருமுறை பார்த்துச் சொல்லாமல் ஒரு பருக்கையும் கொடுக்காதீர்கள். வாட்டில் இருக்கிறபோதே அந்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். கதிர்ச் சிகிச்சை முடிந்த பலருக்கு விழுங்குவது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது, அப்பாவுக்கும் எவ்வளவு வந்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். சதைத் துண்டின் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.